வீட்டுத் தரைக்கு டைல்ஸ்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வீடு கட்டுகிறவர்களும், டைல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்த தம்பிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சுவர் டைல்ஸ் வேறு கதை. இங்கே தரை மட்டும்.

கடைக்குப் போனால் செராமிக், விட்ரிஃபைட், ஜி.வி.டி., டபுள் சார்ஜ் என்று அடுக்குகிறார்கள். எதை வாங்க?

வித்தியாசம் தண்ணீர் உறிஞ்சுவதில்தான் தொடங்குகிறது. செராமிக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைட் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் உறுதியும் கூடுதல். ஜி.வி.டி. என்பது விட்ரிஃபைட் மேல் படம் அச்சடித்து கிளேஸ் பூசியது. மரம், மார்பிள் என்று எந்த டிசைனும் அதில் கிடைக்கும், ஆனால் நிறம் மேல்தோலோடு சரி. டபுள் சார்ஜில் நிறம் 3, 4 மி.மீ. ஆழம் வரை இருக்கும், டிசைன்தான் குறைவு. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு டபுள் சார்ஜ் அல்லது மேட் ஜி.வி.டி., படுக்கையறைக்கு உங்கள் கண்ணுக்குப் பிடித்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் சரக்கில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவதுதான். பிராண்டுப் பெயரைவிட, பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கண்ணாடி போலப் பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை மணலில் கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. இரண்டுமே கண்ணாடியைக் கீறக்கூடியவை. காலோடு உள்ளே வரும் மணல் பளபளப்பை மெல்ல மெல்லத் தேய்த்துவிடும். பளபளப்புதான் வேண்டும் என்றால் வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு மிதியடி போடுங்கள்.

என் அறை 12-க்கு 10 அடி. 2-க்கு 2 டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

120 சதுர அடி. பெட்டிக்கு 4 டைல், 15.5 சதுர அடி. ஆக 8 பெட்டி என்று கடையில் கணக்குப் போட்டுத் தருவார்கள். அந்தக் கணக்கை நம்பிப் போனால் கடைசி நாளில் ஒரு பெட்டிக்காகத் திரும்பவும் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கடையில் 2-க்கு 2 என்று விற்பது உண்மையில் 600 மி.மீ. இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. ஒரு டைலுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. 12 அடி என்றால் 3,658 மி.மீ. ஆறு டைலும், நடுவில் 2 மி.மீ. வீதம் ஐந்து இடைவெளியும் சேர்ந்தால் 3,610. மிச்சம் 48 மி.மீ. சுவரோரமாக மூன்று விரல் அகலத்தில் ஒரு நாடா நிற்கும். 10 அடிப் பக்கத்திலும் இதே கதை, அங்கே 40 மி.மீ. அவ்வளவு ஒல்லியான துண்டை வெட்டும்போதே பாதி உடையும், பதித்த பிறகும் பார்க்க ஒட்டுப்போட்டதுபோல இருக்கும்.

வழி இரண்டு. வாசல் பக்கம் முழு டைலில் தொடங்கி, ஒல்லித் துண்டைக் கட்டிலோ அலமாரியோ வரும் சுவரோரத்தில் ஒளிப்பது ஒன்று. இதற்குத் தரைக்கு 32 டைல், 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டை) 4 டைல், ஆக 36. சரியாக 9 பெட்டி. ஆனால் ஒன்று உடைந்தாலும் மாற்றுக்கு இல்லை, அதனால் 10 வாங்க வேண்டும்.

இன்னொன்று, அறையின் நடுவிலிருந்து கணக்குப் போட்டு, நான்கு சுவரோரமும் சுமார் 320 மி.மீ. துண்டு வருமாறு பிரிப்பது. இதில் ஏழு வரிசைக்கு ஆறு, மொத்தம் 42 டைல் பிடிக்கும். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் வெட்டி எறிகிற ஒவ்வொரு துண்டும் 280 மி.மீ. அகலம் இருப்பதால், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்கர்ட்டிங் பட்டை கிடைக்கிறது. ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக டைல் வேண்டாம். 11 பெட்டி வாங்கினால் இரண்டு டைல் கையில் மிஞ்சும். ஒரே ஒரு பெட்டிதான் கூடுதல். அறை பார்க்க எவ்வளவோ மேல். நான் இதைத்தான் சொல்வேன்.

பூச்சு வேலை முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து போடுகிற கணக்கு இது. பிளானில் எழுதியிருக்கும் அளவை வைத்துப் போடாதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பேட்ச் எண், ஷேடு எண், சைஸ் எண். மூன்றும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே டிசைன் வேறு பேட்சில் வந்தால் நிறம் லேசாக மாறும், கடை வெளிச்சத்தில் தெரியாது, வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும். பதிக்கும்போது இரண்டு மூன்று பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பது நல்லது.

காலங்காலமாக சிமெண்ட் கலவையில்தானே பதிக்கிறார்கள். பசை எதற்கு?

இதற்குத்தான் சண்டையே வருகிறது. ஒன்றரை இரண்டு அங்குலத்துக்குக் கலவையை விரித்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவது நம் கொத்தனார்களின் பழக்கம். செராமிக் காலத்தில் அது சரியாகவே இருந்தது. டைலின் முதுகு பாலை உறிஞ்சும், பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் முதுகு உறிஞ்சாது. பால் காய்ந்து சுருங்கியதும் டைல் சும்மா உட்கார்ந்திருக்கும். கனம் இருப்பதால் சில வருடம் அசையாது, அதைப் பார்த்து "பிடித்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறோம்.

செலவு கட்டுப்படியாகிற நடுவழி ஒன்று இருக்கிறது. கலவைத் தளத்தை மட்டப்பலகை வைத்து இழுத்து மட்டமாக்கி, நனைத்து, சில நாள் இறுகவிடுங்கள். அதன்மேல் 4 மி.மீ. கனத்துக்குப் பசை. பசைக்கு இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 15477. பையில் அந்த எண்ணும் வகையும் இருக்கும். உள் தரையில் செராமிக்குக்கு டைப் 1 போதும், விட்ரிஃபைடுக்கு டைப் 2 வாங்குங்கள். வெயில் மழை படும் இடத்துக்கு டைப் 3. 20 கிலோ பை சுமாராக 40 முதல் 50 சதுர அடி வரை வரும். தளம் மேடு பள்ளமாக இருந்தால் பசைதான் அதை நிரப்பும், கணக்கு எகிறும்.

பசையைத் தண்ணீரில் கலக்கி ஐந்து பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடியும் ஒருமுறை கலக்க வேண்டும். இட்லி மாவுப் பதத்தைவிடக் கெட்டியாக, கரண்டியில் நிற்க வேண்டும். பல் கரண்டியால் ஒரே திசையில் இழுங்கள். பெரிய டைலுக்கு முதுகிலும் மெல்லியதாகத் தடவுங்கள். அதற்கு முன் முதுகில் இருக்கும் வெள்ளைத் தூளை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. பசை டைலைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துகிற ஆளைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். பதித்த முதல் டைல்களில் ஒன்றை அப்போதே பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளறையில் முதுகின் 80 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். குளியலறை, வெளித்தரை என்றால் 95.

ராத்திரி "டப்" என்று சத்தம். காலையில் பார்த்தால் ஹால் நடுவே நாலு டைல்ஸ் கூடாரம் போலக் கிளம்பி நிற்கிறது. பூமி இறங்கிவிட்டதா அண்ணாச்சி?

பெரும்பாலும் இல்லை. டைல்ஸ் வெயிலிலும் ஈரத்திலும் துளி விரியும், அடியிலுள்ள தளம் துளி சுருங்கும். இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதித்து, சுவரிலும் முட்ட வைத்திருந்தால் விரிவதற்கு இடமில்லை. அடியில் பிடிமானமும் இல்லையென்றால் ஒரு நாள் மேலே கிளம்பத்தான் செய்யும். "கோடு தெரியாம ஒட்டிப் போடுங்க" என்று வீட்டுக்காரரே கேட்பதுதான் இதில் வேடிக்கை.

டைலுக்கு இடையே குறைந்தது 2 மி.மீ., ஸ்பேசர் (இடைவெளி காக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்து. சுவரோரமாக 6 முதல் 10 மி.மீ. சும்மா விடுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அந்த இடைவெளியில் கலவை விழுந்து அடைத்துக்கொண்டிருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நீளமான ஹாலில் 20, 25 அடிக்கு ஒரு இடத்தில், அல்லது வாசல்படிகளில், சிமெண்டுக்குப் பதில் நெகிழ்கிற சீலன்ட் நிரப்புவது நல்லது. மொட்டைமாடி, சிட்அவுட்டுக்கு இது 8 முதல் 12 அடிக்கு ஒன்று.

கிளம்பிய நாலை மட்டும் திரும்ப ஒட்டிப் பயனில்லை. சுற்றிலும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று இருந்தால் பிடித்திருக்கிறது, பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். பொத்தென்று கேட்கும் இடம் எதுவரை போகிறதோ அதுவரை எடுக்க வேண்டும்.

அப்பா காலத்துச் சிவப்புக் காவித் தரை. அதன் மேலேயே ஒட்டலாமா?

முதலில், அது நன்றாக இருந்தால் ஏன் மூடுகிறீர்கள்? பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைத் தக்கலைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து முடிவெடுங்கள். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். இத்தனை தலைமுறை கடந்தும் முகம் தெரிகிறது. உங்கள் வீட்டுக் காவித் தரையில் விரிசல் மட்டும்தான் பிரச்சினை என்றால், தெரிந்த கொத்தனாரை வைத்துச் சரிசெய்து மெழுகு போட முடியும்.

வெடித்து, பொருக்கு கிளம்பியிருந்தால் டைல்ஸுக்குப் போகலாம். தட்டிப் பார்த்து, வெற்றிடமுள்ள பகுதியைப் பெயர்த்து நிரப்பி, மிச்சத்தை உளியால் நெருக்கமாகக் கொத்தி, மெழுகும் எண்ணெயும் போகக் கழுவிய பிறகு, பழைய தரைமேல் ஒட்டுவதற்கென்று வரும் பசையில் ஒட்டுங்கள். தரை 12 முதல் 15 மி.மீ. உயரும். கதவுகளின் அடியைச் சீவ ஆசாரியிடம் முன்பே சொல்லி வையுங்கள். படியின் உயரமும் ஒரு படியில் மட்டும் மாறும், இருட்டில் வயதானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

சிட்அவுட்டிலும் முற்றத்திலும் மழைக்கு வழுக்குகிறது.

நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. வருடத்தில் பாதிநாள் நனைகிற தரைக்குப் பளபள டைல்ஸ் வைப்பதை என்ன சொல்ல! வழுக்காத தன்மைக்கு ஆர்9, ஆர்10, ஆர்11 என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். நனையும் இடத்துக்கு ஆர்11 கேளுங்கள், கூரை இருந்து சாரல் மட்டும் அடித்தால் ஆர்10 போதும். சொரசொரப்பு கூடினால் பாசி பிடிக்க இடமும் கூடும், துடைப்பமும் கொஞ்சம் கஷ்டப்படும். அது தவிர்க்க முடியாதது. வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) வெளியே பார்த்து இருக்கட்டும்.

ஏற்கெனவே வழுக்கல் டைல்ஸ் பதித்துவிட்டவர்கள் பூச்சு மருந்து தேடி அலைவதைவிட ரப்பர் பாய் விரிப்பது மலிவு.

குளியலறைத் தரைக்கு எவ்வளவு வாட்டம்?

அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை. 6 அடி தூரத்துக்கு முக்கால் முதல் ஒன்றரை அங்குலம். வாட்டத்தைக் கலவைத் தளத்திலேயே கொண்டுவர வேண்டும், டைலைத் தூக்கி இறக்கி அல்ல. நானி டிராப்பை (தண்ணீர் இறங்கும் தரைத் துளை) நோக்கி நாலு பக்கமும் சரிய வேண்டும் என்பதால் 1-க்கு 1 டைல்தான் அங்கே வளைந்து கொடுக்கும். 2-க்கு 2 போட்டால் மூலைவிட்டமாக வெட்ட வேண்டிவரும்.

டைலுக்கு இடையே நிரப்பும் கிரௌட் தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங். அதைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றிப் பூசி, காய்ந்ததும் டிராப்பை அடைத்து, தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் டைல்ஸ் பெட்டியை மாடியேற்ற விடாதீர்கள். மாடிக் குளியலறை ஒழுகினால் பிறகு உடைப்பதைத் தவிர வழி கிடையாது.

டைல்ஸ் கோட்டில் வெள்ளையாக உப்பு பூக்கிறது.

கடலோரத்திலும், தாழ்ந்த வயற்காட்டு மனையிலும் அதிகம் பார்க்கலாம். அடியிலுள்ள ஈரம் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, தான் காய்ந்து, உப்பை விட்டுப்போகிறது. கலவையில் கடல் மணல் சேர்ந்திருந்தாலும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்திருந்தாலும் இது நிச்சயம். கடல் மணல் வேண்டவே வேண்டாம். எம்-சாண்டைச் சலித்துப் பயன்படுத்துங்கள், தண்ணீர் நாக்கில் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். புது வீட்டில் கான்கிரீட் போடும் முன்பே நிரப்பிய மண்மேல் கெட்டியான பாலிதீன் விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பூத்துவிட்டதா? கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். சில மாதத்தில் குறையவில்லை என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

குலசேகரத்தில் வீடு. பின்புறத் திண்ணையில் ரப்பர் பால் உறைய வைக்கிறோம். டைல்ஸ் போடலாமா?

போடலாம், ஆனால் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலம் டைலை விட்டுவிட்டு நடுவிலுள்ள சிமெண்ட் கிரௌட்டைத் தின்னும். எபாக்சி கிரௌட் கொஞ்சம் அதிகம் தாங்கும், அடர்ந்த அமிலத்துக்கு அதுவும் தாங்காது. பால் உறையும் டிஷ் வைக்கும் இடத்தை மட்டும் டைல்ஸிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் இங்கே போடலாமா?

அழகு, காலுக்குக் குளிர்ச்சி. ஆனால் அது சுடாத சிமெண்ட் டைல்ஸ், ஈரத்தை உறிஞ்சும். பூஜையறை, உள் ஹால் சரி. சாரல் அடிக்கும் சிட்அவுட்டுக்கும் குளியலறைக்கும் வேண்டாம். ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. பதித்த புதிதில் மங்கலாகத்தான் இருக்கும், துடைக்கத் துடைக்க, நடக்க நடக்க மினுக்கம் வரும்.

நான் வேலைக்குப் புதுசு அண்ணே. முதல் டைலை எங்கே வைப்பது?

தம்பி, முதல் டைலை வைக்கும் முன்னால் நூல். வாசலில் நின்று பார்த்தால் கண் எங்கே போகிறதோ அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். சுவரை நம்பாதே, சுவர் மூலைமட்டத்துக்கு இருப்பது அபூர்வம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா பார். அறை பெரிதென்றால் 6, 8, 10. டியூப் லெவல் வைத்து நாலு சுவரிலும் மட்டம் குறி. வீட்டிலேயே உயரமான இடம் எது என்று தெரிந்த பிறகுதான் கலவைக் கனம் தீர்மானமாகும்.

பிறகு பசையில்லாமல் ஒரு வரிசையை இப்படியும் ஒரு வரிசையை அப்படியும் ஸ்பேசர் வைத்து அடுக்கிப் பார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. இந்த அரைமணி நேரத்தில் வரும் தகராறு, பதித்த பிறகு வருவதைவிட ரொம்பச் சின்னது.

4-க்கு 2 டைலைச் செங்கல் கட்டுபோலப் பாதிக்குப் பாதி மாற்றி வைக்கச் சொல்வார்கள். நீள டைல் நடுவில் லேசாக வில்லாக இருக்கும். ஒன்றின் நடுவும் அடுத்ததன் முனையும் சேரும் இடத்தில் காலில் இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதே.

கட்டரில் தண்ணீர் விட்டு வெட்டு. டைல்ஸ் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கிவிடும், திரும்ப வராது. துவாலையை முகத்தில் கட்டினால் அந்தத் தூள் நிற்காது, என்-95 மாஸ்க் போடு. பிளேடு மூடியைக் கழற்றி வேலை செய்கிற ஆளிடம் வேலை படிக்காதே.

கூலி சதுர அடிக்கா, நாள் சம்பளமா?

இரண்டும் நடக்கிறது. சதுர அடி என்றால் வேகம் வரும், வேகத்தில் அடியில் வெற்றிடமும் வரும். நாள் சம்பளம் என்றால் நிதானம் வரும், சாயாவும் கூட வரும். சதுர அடிக்குப் பேசினால் ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்குத் தனியா, படி முனை தேய்ப்பது தனியா, கிரௌட், வெட்டுக் கழிவு அள்ளுவது, கடைசித் துடைப்பு யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை நாணயத்தால் தட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்த வாரம் பால்காய்ப்பு. அதற்குள் முடித்துவிடலாமா?

தேதியை முதலில் குறித்துவிட்டு டைல்ஸைப் பின்னால் துரத்துவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. பசையில் பதித்தால் 24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது, அதற்குப் பிறகுதான் கிரௌட். கலவையில் பதித்தால் இன்னும் சில நாள். பந்தல்காரர் நாற்காலி இழுப்பதும், சமையல் பாத்திரம் இறக்குவதும் பச்சைத் தரையில் நடந்தால் கோடு முழுக்கப் பிளக்கும். ஹால், பூஜையறை, சமையலறை மூன்றை மட்டும் முடித்துவிட்டு மற்றதைப் பிறகு வைத்துக்கொண்டால் குடி ஒன்றும் முழுகாது.

அப்புறம், பால் காய்ச்சும் அடுப்பையோ ஹோம குண்டத்தையோ டைல்மேல் நேரடியாக வைக்காதீர்கள். அடியில் மணல் பரப்பி, இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். ஒரே இடத்தில் சூடேறினால் டைல் விரிசல் விடும்.

சிமெண்ட் கறை போகவில்லை. ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம். கறையோடு கிரௌட்டும் போகும், பாத்ரூம் குழாய்களின் பளபளப்பும் போகும். பதித்த அன்றே ஈர ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. காய்ந்துவிட்டதென்றால் டைல்ஸ் கிளீனர் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஒரு டைலில் போட்டுப் பார்த்த பிறகு மற்றதில் போடுங்கள்.

மிச்சமான பெட்டியைக் கடையில் திருப்பி எடுப்பார்களா?

வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கினால் சில கடைகள் பிரிக்காத பெட்டியை எடுப்பார்கள். ஆனாலும் ஒரு பெட்டியைத் திருப்பாதீர்கள். அடுத்த வருடம் பிளம்பர் குழாய்க்காக ஒரு டைலை உடைக்கும்போது அந்த டிசைன் மார்க்கெட்டில் இருக்காது. பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, மாடிப்படிக்கு அடியில் வையுங்கள். மேலே எந்த அறையுடையது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.